சுகந்தாமணியின் கனம்

அமராவதி ஆற்றில் தண்ணீர் வந்தால் அதைப் படம் பிடித்துப் பேப்பரில் போடுகிற காலத்தில், கரூரில், வெங்கமேட்டுப் பக்கம் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை பார்த்துவந்த சுகந்தாமணிக்கு, சீனியர் மெர்ச்சன்டைசர் என்று பதவி உயர்வு கொடுத்த அன்று சாயங்காலம் உடம்பில் கனம் ஏறியது. குண்டாகவில்லை. காலையில் போட்ட வளையல் அதே மணிக்கட்டில் அதே தளர்ச்சியோடு ஆடிக்கொண்டிருந்தது, ரவிக்கை இறுக்கவில்லை, முகத்தில் காலையில் இருந்த களைப்புதான் சாயங்காலமும் இருந்தது. ஆனால் கேட்டுக்கு வெளியே காத்திருந்த கணவனின் ஸ்கூட்டரில் அவள் ஏறி உட்கார்ந்ததும் வண்டி ஒருமுறை முனகி, பின் சக்கரம் தரையோடு சப்பளிந்து, நகரமாட்டேன் என்று நின்றுவிட்டது.

லோகநாதன் பஸ் பாடி கட்டும் பட்டறையில் சீட்டுக்கு மெத்தை தைக்கிறவன், எதற்கும் சட்டென்று குரல் உயர்த்தாதவன். இறங்கி டயரைப் பார்த்தான், பிறகு மனைவியைப் பார்த்தான்.

"பையில ஏதாச்சும் வெச்சிருக்கியா புள்ள?"

"ஸ்வீட் பாக்ஸ்தானுங்க. ப்ரமோசன் குடுத்திருக்காங்க."

"அப்பச் சரி," என்றான் லோகநாதன். "ப்ரமோசன்னா சித்த கனமாத்தான இருக்கும்." வண்டியைத் தள்ளிக்கொண்டே பஞ்சர் கடை வரைக்கும் நடந்தார்கள், வழியில் ஸ்வீட் பாக்ஸைப் பிரித்து ஆளுக்கொரு லட்டு தின்றார்கள்.

அவள் கேட்டு வாங்கிய கனம்தான் அது என்றும் சொல்லலாம். பல வருசங்களுக்கு முன், பி.காம் முடித்த கையோடு, துண்டுகளுக்கு விலைச்சீட்டு கட்டுகிற பெண்ணாக அவள் அந்தக் கம்பெனியில் சேர்ந்தபோது, சாம்பிள் செக்சனில் மல்லிகா என்றொரு அம்மாள் இருந்தாள். தறி போட்ட காலத்திலிருந்து அங்கேயே இருந்தவள். ஒரு நாள் மத்தியானம் அவளைக் கூப்பிட்டு நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்கள், அவளும் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள், சாயங்காலம் டீ வந்தபோது ஒரு டம்ளர் மிஞ்சியதைக்கூட யாரும் கவனிக்கவில்லை. மிஞ்சிய டீயைக் குடித்தவள் சுகந்தாமணிதான். குடிக்கும்போதே அவள் மனசுக்குள் ஒன்றை முடிந்துவைத்துக்கொண்டாள், யாராலும் அசைக்க முடியாத ஆளாக ஆகிவிட வேண்டும், தான் இல்லாவிட்டால் அன்றைக்குக் கம்பெனி நிற்க வேண்டும்.

அதற்கப்புறம் அவள் கற்றுக்கொண்டதற்குக் கணக்கில்லை. இங்கிலீசில் கடுதாசி எழுதக் கற்றாள், இங்கிலீசில் கோபப்படாமல் கோபத்தைச் சொல்லக் கற்றாள், நூல் விலை ஏறும் முன்னே வாசனை பிடிக்கவும், சாயப்பட்டறைக்காரர் நாளைக்கு என்றால் அது எந்த நாளை என்று கண்டுபிடிக்கவும், வெளிச்சத்தில் ஒரு நீலமும் நிழலில் ஒரு நீலமும் காட்டுகிற துணியை எந்த ஜன்னலோரம் வைத்து வெளிநாட்டுக்காரரிடம் காட்ட வேண்டும் என்றும் கற்றாள். மெர்ச்சன்டைசர் என்றால், கடல் தாண்டி இருக்கிறவர் கேட்கிற துண்டையும் மேஜை விரிப்பையும் இங்கே தறிக்காரர், சாயக்காரர், தையல்காரர் கையெல்லாம் கடத்திக் கப்பலில் ஏற்றும் வரைக்கும், இரண்டு பக்கத்துத் திட்டையும் நடுவில் நின்று வாங்கிக்கொள்கிற வேலை. அதை அவளைப்போல் யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. டென்மார்க்கிலிருந்து துண்டு வாங்குகிற ஒரு பெண்மணி, கரூர் என்றால் சுகந்தா என்று நினைத்துக்கொண்டிருந்தாள். வேறு யார் போன் எடுத்தாலும் வைத்துவிடுவாள்.

பதவி உயர்வுக்கு அப்புறமும் ஒவ்வொன்றாகக் கற்க ஒவ்வொரு பிடியாகக் கனம் ஏறியது. லோகநாதன் ஸ்கூட்டருக்குத் தடித்த டியூப் போட்டான், அப்புறம் ஸ்கூட்டரை விற்றுவிட்டுப் பழைய லோடு ஆட்டோ ஒன்று வாங்கினான். கட்டில் கால் முறிந்தது, பட்டறையிலிருந்து பஸ்ஸுக்குப் போடுகிற இரும்புச் சட்டம் கொண்டுவந்து வெல்டிங் வைத்தான். டாக்டரிடம் போனார்கள். அவர் ரத்தம் பார்த்தார், படம் எடுத்தார், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார், எங்கே வேலை என்று கேட்டார், சொன்னதும், தன் மைத்துனன் மகனுக்கு அங்கே ஏதாவது கிடைக்குமா என்று விசாரித்தார்.

அவர்கள் குடியிருந்தது மாடி போர்சன். அவள் அம்மிக்கும் அடுப்புக்கும் நடந்தால் கீழே வீட்டுக்கார பாப்பாத்தியம்மாளின் தலையில் சுண்ணாம்பு உதிர்ந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அந்த அம்மாள் மேலே ஏறி வந்து, காலி செய்யச் சொல்லப்போகிறாள் என்று இருவரும் எழுந்து நின்றபோது, "கீழ் போர்சனுக்கு வந்துருங்க அம்மிணி, நாங்க மேல போயிக்கறோம்," என்றாள். "கனமான மனுசி குடியிருக்கற வீடுன்னா எங்களுக்கும் பெருமைதானுங்களே. நேத்து நோம்பியில எல்லாரும் என்னையத்தான் விசாரிச்சாங்க."

முதலில் ஊர் சாமிக் குத்தம் என்றது, பிறகு கெட்ட நூலின் தூசு என்றது, பிறகு மாரியம்மன் நோம்பித் திருவிழா முடிந்து கோயில் கம்பம் ஆற்றுக்குப் போவதற்குள் எல்லோருக்கும் ஒரே பதில் கிடைத்துவிட்டது: வேலை தெரிந்தவர்களுக்குக் கனம் ஏறும், அவ்வளவுதான், இதில் என்ன இருக்கிறது. மினி பஸ் கண்டக்டர் அவளைப் பார்த்ததும், "அக்கா, நடுவால உக்காருங்க, வளைவுல வண்டி சாயுது," என்று இடம் ஒதுக்கிக் கொடுத்தார். சித்திரை வெயிலில் தார் இளகிய ரோட்டில் அவள் பாதம் பதிந்து காய்ந்துபோக, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் அதற்குள் கால் வைத்து அளவு பார்த்தார்கள், தாய்மார்கள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இன்னொரு தரம் வைக்கச் சொன்னார்கள். கம்பெனிக் கம்பெனியாக வாசலில் எடை மேடை வந்தது. வேலைக்கு வருகிறவர் முதலில் அதில் ஏற வேண்டும், அப்புறம்தான் பெயர் கேட்பார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் நகை எவ்வளவு என்று கேட்பதை நிறுத்திவிட்டு, பொண்ணுக்குக் கனம் எப்படி என்று கேட்டார்கள். பஸ் ஸ்டாண்டு பேக்கரிக்கு மாடியில், கனம் ஏற்றித் தரப்படும் என்று போர்டு மாட்டி ஒருவர் வகுப்பு ஆரம்பித்தார், அவரே வாசற்படி ஏறும்போது செருப்புச் சத்தம்கூடக் கேட்காது, என்றாலும் கூட்டம் படியில் நின்றது. பேண்ட் மடிப்புக்குள் ஈயத்தகடு வைத்துத் தைத்துக் கொடுக்கிற தையல்காரர்கள் நாலு காசு பார்த்தார்கள். அதையெல்லாம்விட, ஆயுசு பூராவும் ஒரே மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்த எத்தனையோ பேர், ஒருநாள் ஆசையாக எடை மேடையில் ஏறி, முள் அவர்களுடைய எலும்புக்கும் தோலுக்கும் மேல் ஒரு கோடுகூட நகராததைப் பார்த்து, செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை, அவர்களும் பேசவில்லை.

கம்பெனி முதலாளி நாச்சிமுத்து நல்ல மனுசர். அவளுடைய நாற்காலிக்குக் கீழே தரையைத் தோண்டிக் கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டுக் கொடுத்தார், அதற்குப் பூஜையும் போட்டார். ஒருமுறை போட்டிக் கம்பெனிக்காரர்கள், கூடுதல் சம்பளம் தருகிறோம் என்று, கிரேன் வைத்த லாரியோடு வந்துவிட்டார்கள். பட்டையை அவள் இடுப்பில் சுற்றி ஜன்னல் வழியாகத் தூக்கப் பார்க்க, நாச்சிமுத்து கேட்டை இழுத்துப் பூட்டிக்கொண்டு சத்தம் போட, லாரியின் முன்சக்கரம் அந்தரத்தில் எழும்பி, பட்டை அறுந்ததும் கீழே விழுந்தது. கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சுகந்தாமணி காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"அவங்களும் கேட்கலீங்க, இவரும் கேட்கல. வரட்டா போகட்டான்னு எங்கிட்ட ஒருத்தருமே கேட்கல. நான் காப்பி டம்ளரக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறேன்."

"நீ என்ன சொல்லியிருப்ப, கேட்டிருந்தா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். "தூங்கோணும்னு சொல்லியிருப்பேன்," என்றாள்.

கனத்தோடு கூடப் பிறந்ததுபோல் களைப்பும் ஏறிக்கொண்டே வந்தது. எதையும் எடுக்க வேண்டாம், தன்னை எடுத்துக்கொண்டு நாலு அடி வைத்தாலே போதும், முழங்காலில் கல் உரசுகிற சத்தம் கேட்டது. தங்கச்சி வீட்டுக் கிரகப்பிரவேசம் இரண்டாம் மாடியில் என்பதால் கீழேயே பந்தலுக்குள் உட்கார்ந்துகொண்டாள், மேலேயிருந்து இலையில் கட்டிப் பலகாரம் வந்தது. தாந்தோன்றிமலைக் கோயில் படியில் கால் வைக்கப் பயந்து, அடிவாரத்திலேயே கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள். அதெல்லாம்கூடப் போகட்டும் என்றிருந்தது. அவளுக்குத் தாரணி என்று ஒரு மகள், இரண்டாம் வகுப்பு படிக்கிறவள், பரீட்சையில் நல்ல மார்க் வாங்கி வந்து காட்டிய அன்றைக்கு, சுகந்தாமணி சிரித்துக்கொண்டே மகள் தோளில் கை வைத்தாள். பிள்ளை நின்ற இடத்திலேயே முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டது. அழவில்லை. நிமிர்ந்து பார்த்து, "அம்மா, கை கனக்குது," என்றது, ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி.

அதற்கப்புறம் அவள் மகளைத் தொடுவதை நிறுத்திக்கொண்டாள். தலை வாரிவிடுவது லோகநாதன் என்றானது. பின்னலை இழுத்துக் கட்டத் தெரியாமல் அவன் சீட்டுத் தைக்கிற மாதிரி முறுக்கிவிட, பிள்ளை வலியைப் பொறுத்துக்கொண்டு நின்றதை அவள் சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் நாச்சிமுத்து அவளை அறைக்குக் கூப்பிட்டு, தை பிறந்ததும் ஜெனரல் மேனேஜர் ஆக்கப்போவதாகச் சொன்னார். "எனக்கப்பறம் நீங்கதான் அம்மிணி. எம்பையனுக்கு வேலை தெரியாது, வெறும் ஆளு, காத்தடிச்சாப் போயிருவான். உங்களையாட்டம் ஒரு கனம் இந்த ஊர்ல யாருக்கு இருக்குது?"

வீட்டில் சொன்னபோது லோகநாதன் சந்தோசப்பட்டான், பிறகு சுவரைத் தட்டிப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

"என்னுங்க, சொல்லுங்க."

"இன்னும் ஏறுச்சுன்னா வீடு தாங்காது சுகந்தி," என்றான். "நான் தாங்கிக்குவேன். வீடு தாங்காது."

மார்கழிப் பனியில் அவளுக்குக் காய்ச்சல் வந்து படுத்தாள். டென்மார்க் பெண்மணிக்குப் போக வேண்டிய துண்டில் பச்சை நிறம் ஒரு சாயல் மாறிவிட்டது, கம்பெனி அல்லோலகல்லோலப்பட்டது. அவளுக்குக் கீழே ஜெசிந்தா என்று ஒரு பெண் வேலை பார்த்தாள். குளித்தலைப் பக்கத்திலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவள், அப்பன் இல்லாதவள், கனம் ஏற வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு இரும்புச்சட்டித் துருவைச் சுரண்டித் தேனில் குழைத்துத் தின்று வயிற்றுவலி வாங்கிக்கொண்டவள். அவள் போனில் அழுதாள். சுகந்தாமணிக்குப் பேசத் தெம்பில்லை, ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள், அந்தம்மாவிடம் முதலில் மன்னிப்புக் கேட்காதே, முதலில் அவள் நாய் எப்படி இருக்கிறது என்று கேள், அதன் பெயர் ஆஸ்கர், பிறகு பச்சை மாறியதை நீயே சொல், அவளாகக் கண்டுபிடிக்க விடாதே, பிறகு சாயக்காரர் துரைசாமியிடம் போய் அவர் மருமகள் பிரசவம் விசாரித்துவிட்டு நில், ஒன்றும் பேசாதே, அவரே மறுபடியும் போட்டுத் தருவார்.

"இனிமே இத நான் பாத்துக்கறேங்க்கா," என்றாள் ஜெசிந்தா. "நீங்க தூங்குங்க."

போனை வைத்துவிட்டுப் புரண்டு படுத்தபோது கட்டில் சத்தம் போடவில்லை. சுகந்தாமணி மறுபடியும் புரண்டாள். அப்போதும் போடவில்லை. காய்ச்சல் விட்டுப்போன உடம்பு லேசாகத்தான் இருக்கும் என்று முதலில் நினைத்தாள். ஆனால் அன்று மாலை ஜெசிந்தாவின் செருப்பு வார் ரயிலடியில் அறுந்தது என்றும், கம்பெனியில் எல்லோரும் அவளுக்குக் கைகொடுத்தார்கள் என்றும் சேதி வந்தபோது அவளுக்கு விளங்கிவிட்டது. சொன்னவருக்கு இறங்குகிறது, கேட்டவருக்கு ஏறுகிறது. ஆனால் காதால் கேட்டால் மட்டும் போதாது, இனிமேல் இதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்கிறவர் மனசால் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அதன்பின் அவள் தன்னிடம் இருந்ததையெல்லாம் கொடுக்க ஆரம்பித்தாள். இத்தனை வருசம் எச்சிலைப்போல் வாய்க்குள்ளேயே வைத்திருந்த சூட்சுமங்களை, எந்தத் தறிக்காரர் எதற்குக் கோபிப்பார், எந்தத் துறைமுக ஏஜென்டுக்கு எப்போது போன் செய்ய வேண்டும், விலையை எந்த இடத்தில் விட்டுக்கொடுத்தால் எந்த இடத்தில் திரும்ப வாங்கலாம் என்பதையெல்லாம், மத்தியானச் சோற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜெசிந்தாவுக்கு ஊட்டுவதுபோல் சொன்னாள். ஜெசிந்தா வாங்கிக்கொண்டே இருந்தாள். அவள் முகம் பொலிந்தது, மினி பஸ் கண்டக்டர் அவளையும் நடுவில் உட்காரச் சொன்னார், குளித்தலையில் அவள் அம்மா தெருவுக்கே கேசரி கிண்டிக் கொடுத்தாள்.

"உங்களுக்குக் குறையுதேங்க்கா," என்று ஒருநாள் கேட்டாள் ஜெசிந்தா. "பரவால்லீங்களா?"

"எனக்குப் போதும் சாமி."

"எனக்குப் போதாதுங்க்கா," என்று சிரித்தாள் அந்தப் பெண். "எங்க வீட்ல எல்லாருமே லேசு."

சுகந்தாமணிக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது, கால் வலியைப் பற்றி, பிள்ளையின் தோளைப் பற்றி. ஆனால் அதைச் சொன்னால் இந்தப் பெண் வாங்கிக்கொள்ளமாட்டாளோ என்று பயமாக இருந்தது. சோற்றுப் பாத்திரத்தை மூடி எழுந்தாள், எழுவது எத்தனை சுலபமாக இருந்தது என்பதை நினைத்து வெட்கப்பட்டாள்.

தை பிறந்தபோது நாச்சிமுத்து ஜெனரல் மேனேஜர் பேச்சை எடுக்கவில்லை. கான்கிரீட் போட்ட இடத்தில் நாற்காலியை ஜெசிந்தாவுக்குப் போட்டார். சுகந்தாமணிக்கு வராந்தாவில், தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் கிடைத்தது. யாரும் அவளைத் திட்டவில்லை, சம்பளத்தில்கூடக் கை வைக்கவில்லை. ஆனால் அவள் பேசினால் கேட்கிறவர்கள் குரல் எங்கிருந்து வருகிறது என்று தேடுகிற மாதிரி பார்த்தார்கள். பங்குனி கடைசியில் நாச்சிமுத்து அவள் முகத்தைப் பார்க்காமலே, "வீட்ல இருந்து உடம்பப் பாத்துக்குங்க அம்மிணி, எத்தன நாள் ஓடியாச்சு," என்றார். அவள் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினாள். வாட்ச்மேன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போனதும் முதல் காரியமாகக் கையைக் கழுவித் துடைத்துவிட்டு மகளின் தோளில் வைத்தாள். தாரணி நேராக நின்றது. "இன்னும் அழுத்தி வைம்மா," என்றது. அன்றைக்கு அவள் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, தூக்குகிற வயசு தாண்டிய பிள்ளையின் கால்கள் தொங்கத் தொங்க, மொட்டை மாடி வரைக்கும் ஏறினாள், பாப்பாத்தியம்மாள் வீட்டைக் கடந்து, துணி காய்கிற கொடிகளைக் கடந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று ஊரைப் பார்த்தார்கள். ஊர் முழுக்க அங்கங்கே துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன.

அந்தக் கோடை அவள் தூங்கினாள். காலையில் தூங்கினாள், மத்தியானம் தூங்கினாள், மகளுக்குத் தலை வாரிவிட்டுத் தூங்கினாள். ஆனால் கனம் இறங்குவது நிற்கவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பழசாகிக்கொண்டே வந்தது, போன் அடிப்பது குறைந்தது, பிறகு நின்றது. பாப்பாத்தியம்மாள் தாங்கள் கீழ் போர்சனுக்கே திரும்ப வந்துவிடலாமா என்று மரியாதையாகக் கேட்டாள், இவர்கள் மறுபடியும் மாடிக்கு மாறினார்கள். மளிகைக் கடையில் அவள் நிற்கும்போது பின்னால் வந்தவர்கள் முன்னால் வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருநாள் பஸ்ஸில், லோகநாதனே தைத்த சீட்டில் உட்கார்ந்து, எழுந்தபோது திரும்பிப் பார்த்தாள். மெத்தையில் அவள் உட்கார்ந்த குழியே விழவில்லை. ஆடி மாசம் காற்றெடுத்தபோது அவளால் தெருவில் நேராக நடக்க முடியவில்லை, முந்தானைக்குள் காற்றுப் புகுந்து அவளை அரையடி தூக்கிவிட, மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், யாரும் ஆச்சரியமாகப் பார்க்கவில்லை. லோகநாதன் அவள் பையில் பத்துப்படி அரிசி வாங்கி வைத்து, அதைச் சுமந்துகொண்டு நடக்கச் சொன்னான்.

"களைப்புப் போயிருச்சா புள்ள?"

"இல்லீங்க," என்றாள். அவளுக்கே அது விநோதமாக இருந்தது. "அப்ப இருந்தது வேற களைப்பு. இது வேற. இது ஒண்ணும் செய்யாத களைப்புங்க."

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜெசிந்தா வந்தாள். ஆட்டோக்காரர்கள் ஏற்றமாட்டேன் என்றுவிட்டதால் ரயிலடியிலிருந்து நடந்தே வந்திருந்தாள். அவள் வருவதற்கு முன்பே அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. மாடிக்கு ஏறட்டுமா என்று கீழேயிருந்து கேட்டவளை, பாப்பாத்தியம்மாள் பதறிப்போய்க் கீழேயே தன் வீட்டு நடையில் உட்காரச் சொல்லிவிட்டு, மேலே பார்த்துக் கூப்பிட்டாள். சுகந்தாமணி இறங்கி வந்தபோது அந்தப் பெண் தரையில் சுவரோடு சாய்ந்து, செருப்பைக் கழற்றாமலே கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பாதம் வீங்கி, செருப்பு வார் சதைக்குள் புதைந்திருந்தது.

"நாற்காலி இருக்குதே."

"உடைஞ்சு போயிருங்க்கா."

சுகந்தாமணி உட்கார்ந்து அந்தச் செருப்பு வாரை மெல்லக் கழற்றினாள். ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டாள்.

"எங்கம்மாவக் கட்டிப் புடிக்க முடியறதில்லீங்க்கா," என்றாள். "போன மாசம் ரயில்ல எனக்குத் தனிப் பெட்டி கேட்டு எழுதியிருக்காரு முதலாளி. எல்லாரும் கொடுத்து வெச்சவங்கறாங்க. நான் கேட்டுத்தான வாங்குனேன். உங்களத் தப்புச் சொல்ல வரல."

"தப்புத்தான்," என்றாள் சுகந்தாமணி. "கால் வலிக்கும்னு உங்கிட்டச் சொல்லியிருக்கோணும். சொன்னா வாங்க மாட்டியோன்னு சொல்லாம விட்டேன்."

ஜெசிந்தா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள். கோபம் வரும் என்று சுகந்தாமணி காத்திருந்தாள், அதற்கும் அந்தப் பெண்ணிடம் தெம்பு இல்லை.

"சொல்லியிருந்தாலும் வாங்கியிருப்பேங்க்கா," என்றாள் கடைசியில். பிறகு, பேச வந்ததை மறந்துவிட்டு, வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். டென்மார்க்கில் அந்த நாய் செத்துப்போய்விட்டது, அதிலிருந்து அந்தம்மாள் எதையும் சரி என்று சொல்வதில்லை, துரைசாமி பட்டறையை மகனிடம் கொடுத்துவிட்டார், மகனுக்கு நிறமே தெரியவில்லை, நூல் ஏறுகிறது, கப்பல் தாமதம், ஆறு நிறத்தில் கேட்டதை இப்போது ஒன்பது நிறமாகக் கேட்கிறார்கள். சொல்லிக்கொண்டே போனாள். சுகந்தாமணிக்குப் பாதி புரிந்தது, பாதி புதுசாக இருந்தது. கேட்கக் கேட்க அவள் குதிகால் தரையில் மெல்ல ஊன்றுவதை அவளால் உணர முடிந்தது, முழங்காலுக்குள் அந்தப் பழைய கல் மறுபடியும் வந்து உட்கார்ந்தது. அது என்னவென்று அவளுக்குத் தெரியும். எழுந்து டீ வைக்கப் போகலாம், பேச்சை மாற்றலாம். அவள் எழவில்லை.

"அந்தம்மாவ எங்கிட்ட விடு," என்றாள். "துரைசாமி பையனையும். அவங்க ரெண்டு பேர இனிமே நான் பாத்துக்கறேன். மிச்சம் உன்னுது."

ஜெசிந்தா மூச்சை விட்டாள், அவள் சாய்ந்திருந்த சுவரும் கூடவே விட்டதுபோல் இருந்தது. பிறகு கவலை வந்தது. "முதலாளி ஒத்துக்க மாட்டாருங்க்கா. ஒரு நாற்காலிக்கு ஒரு ஆளுதான்னு சொல்லுவாரு."

"அப்ப நாற்காலியே வேண்டாம்னு சொல்லு."

"அப்படிச் சொல்லலாங்களா?"

"தெரியல. சொல்லிப் பாப்போம். நீயும் நானும் போயி."

லோகநாதன் தாரணியோடு கடைவீதியிலிருந்து திரும்பி வந்தபோது இரண்டு பெண்களும் பாப்பாத்தியம்மாளின் நடையில் அடுத்தடுத்து, சுவரோடு சாய்ந்து, கால் நீட்டியபடி உட்கார்ந்திருந்தார்கள். அவன் வீங்கிய பாதங்களைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், ஓர் இடத்தில் சிமெண்டு லேசாகக் கீறியிருந்ததைப் பார்த்தான்.

"ஏன் ரெண்டு பேரும் கீழயே உக்காந்துட்டீங்க? மேல வாங்க, டீ போடறேன்."

"எந்திரிக்க முடியலீங்க," என்றாள் சுகந்தாமணி. "சித்த நேரம் ஆகட்டும்."

லோகநாதன் மகளின் கையிலிருந்த வாழைப்பழச் சீப்பை வாங்கி ஓரமாக வைத்தான். பிறகு அவனும் வாரம் முழுக்கப் பட்டறையில் நின்ற ஆள்தான் என்பது நினைவுக்கு வந்ததுபோல், சுவரைப் பிடித்துக்கொண்டு, அவர்களுக்குப் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தான்.